ராணுவத்துக்கு உத்தரவு போடுவது யார்?

கேள்வி: குரூப் 1 நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறேன். முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருப்பதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ‘ராணுவத்துக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார் பிரதமர்’ என்று செய்தி வந்தது. எதைச் சொல்வது? நாளை என் மாவட்டத்தில் தாக்குதல் நடந்தால் கலெக்டரே ராணுவத்தைக் கூப்பிடலாமா?

பதில்: இரண்டுமே சரிதான். அரசமைப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. 74-வது பிரிவோ அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்கிறது. ஆகவே நடைமுறையில் முடிவு பிறக்கும் இடம், பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. பிரதமரும் பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நிதி அமைச்சர்களும் அதில் உறுப்பினர்கள். (நிதி அமைச்சருக்கு அங்கே என்ன வேலை என்று தேர்வுக்குழு மடக்கலாம். சண்டைக்குக் காசு வேண்டாமா?) தளபதிகள் வந்து கருத்துச் சொல்வார்கள், உறுப்பினர்கள் அல்ல. 2020-ல் வந்த முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்குக்கூடப் படைகளுக்கு நேரடியாகக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது.

அந்த ‘முழுச் சுதந்திரம்’ 2025 ஏப்ரல் 29 அன்று வந்த செய்தி. எப்படி, எங்கே, எப்போது அடிப்பது என்பதைப் படைகளே முடிவு செய்யலாம் என்பதுதான் அதன் பொருள். அடிப்பதா வேண்டாமா, எந்த வரம்புக்குள் என்பது அரசிடமே இருந்தது. பாகிஸ்தான்மீது நடத்திய ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல் பற்றி மே 7 காலை நடந்த செய்தியாளர் சந்திப்பைத் தேடிப் பாருங்கள். முதலில் பேசியவர் சீருடை அணியாத வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. அதன் பிறகுதான் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் தாக்கிய இடங்களை விவரித்தார்கள். ஒன்பது பயங்கரவாத முகாம்கள் மட்டுமே இலக்கு, பாகிஸ்தான் ராணுவ நிலைகளைத் தொடவில்லை என்று அரசு அன்று அறிவித்தது. அந்தக் கோட்டைப் போட்டது அரசியல் தலைமை.

எதிர் உதாரணம் ஒன்றும் கையில் இருக்கட்டும். 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லையில் குவிக்கப்பட்ட படைகள் ஏறத்தாழ பத்து மாதம் காத்திருந்தன. தாக்குதல் உத்தரவு வரவே இல்லை. படைகளும் தாமாக எல்லை தாண்டவில்லை. ராணுவம் கட்டுப்பட்டது சரி, ஆனால் என்ன நோக்கத்துக்காக நிற்கிறோம் என்பதை அவ்வளவு காலம் தெளிவாகச் சொல்லாமல் வைத்திருந்தது குடிமைத் தலைமையின் குறை என்பேன். தேர்வுக்குழுவிடம் இதை நாசூக்காகச் சொல்லுங்கள்.

அப்புறம் கலெக்டர் விஷயம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 149-வது பிரிவின்படி, போலீஸால் கலைக்க முடியாத சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க அவர் ராணுவ உதவி கேட்கலாம். இது கலவரத்துக்கான வழி. பயங்கரவாதத் தாக்குதலுக்கு முதலில் நிற்பது மாநில போலீஸ். அதற்கு மேல் தேவைப்பட்டால் மாநில அரசு மத்திய உள்துறையிடம் தேசியப் பாதுகாப்புப் படையைக் கேட்கும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தப் படையின் கருஞ்சட்டைக் கமாண்டோக்களில் பலர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள், ஆனால் படை உள்துறையின் கீழ் இருக்கிறது, அதன் தலைவர் ஐ.பி.எஸ். அதிகாரி.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் இந்த ஏற்பாட்டின் ஓட்டை தெரிந்தது. சுமார் ஒன்பதரை மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. கமாண்டோக்கள் இருந்தது டெல்லிக்கு அருகே மானேசரில். அவர்களை ஏற்றிச் செல்ல வேண்டிய பெரிய விமானம் நின்றது சண்டிகரில். மும்பை விமான நிலையத்தில் இறங்கி, பஸ் ஏறி, களத்தில் இறங்கும்போது மறுநாள் காலை ஆகிவிட்டது. அதுவரை மும்பை போலீஸும், மாநில அரசின் வேண்டுகோளில் வந்த கடற்படைக் கமாண்டோக்களும்தான் சமாளித்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதில் அன்று குழப்பமில்லை, முடிவைக் களத்துக்குக் கொண்டுபோகும் வழிதான் இல்லை. 2009-ல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் அந்தப் படையின் பிராந்திய மையங்கள் வந்தன. சென்னை மையம் வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில் இருக்கிறது.

ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் பற்றிக் கேட்டால், 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை முதலில் வையுங்கள்: ராணுவம் குடிமை நிர்வாகத்துக்கு உதவ வருகிறது, அதன் இடத்தைப் பிடிக்க அல்ல. அதே சட்டத்தின் 6-வது பிரிவில், வீரர்கள்மீது வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணைக்கேள்வி பெரும்பாலும் அதில்தான் வரும்.