அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், அந்நாட்டு உள்நாட்டுப் போருக்கு முந்தைய மாளிகை ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், எதைப் பார்க்கலாம்?

எய்க்கன்-ரெட் மாளிகை. யோசிக்கவே வேண்டாம்.

அந்தக் காலத்துப் பெரிய வீடுகள் சார்ல்ஸ்டனில் தெருவுக்குத் தெரு உண்டு. சுற்றிப் பார்க்க விடும் வீடுகளில் பலவும் பளபளவென்று புதுப்பித்தவை. 1820 வாக்கில் கட்டிய இந்த வீடு அப்படியல்ல. ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1995-ல் வாங்கியபோது எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு சிதையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். முன்கட்டில் சுவர்க்காகிதம் கிழிந்து தொங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து வாங்கி வந்த சரவிளக்கு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் நான் இதைச் சொல்வது பின்கட்டுக்காக. உயர்ந்த மதிலுக்குள் சமையற்கட்டு, துணி வெளுக்கும் அறை, குதிரை லாயம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாடியேறினால் ஒரு நடை, அதை ஒட்டி அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் குடும்பத்தோடு படுத்துறங்கிய அறைகள். சாமான் ஒன்றும் கிடையாது. கணப்படுப்பும், சுவரில் பழைய சாயமும்தான். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டி அவர்களில் சிலரைப் பெயர் சொல்லியே அறிமுகப்படுத்துகிறது. டோர்கஸ் ரிச்சர்ட்சன், அவள் கணவன், பிள்ளைகள். அந்த அறைகளில் நான் வெகுநேரம் நின்றேன்.

வீட்டுக்காரர் வில்லியம் எய்க்கன் 1844 முதல் 1846 வரை தென் கரோலினா ஆளுநர். ஜெஹாஸி தீவில் அவருக்குப் பெரிய நெல் பண்ணை இருந்தது. அங்கே சேற்றில் இறங்கி உழைத்த அடிமைகள் மட்டும் சுமார் 700 பேர். விதைப்பு, மடை, களையெடுப்பு என்று நெல் கேட்கும் பாடு நமக்குத் தெரியாததா? அதைக் கூலியில்லாமல், ஓடிப்போகவும் வழியில்லாமல் செய்தார்கள். முன்கட்டின் ஆடம்பரத்துக்குக் காசு அங்கிருந்துதான் வந்தது. புதுப்பித்த மாளிகைகளில் படிக்கட்டின் அழகைப் பார்த்துவிட்டு இதை எளிதில் மறந்துவிடலாம். இங்கே மறக்க முடியாது, அதனால்தான் இந்த வீட்டைச் சொல்கிறேன்.

அப்புறம், உள்ளே ஏசி கிடையாது. கோடையில் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் மிச்சமிருந்தால், 2023-ல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கிய கேட்ஸ்டன் துறையிலேயே அதைக் கட்டியிருக்கிறார்கள்.