சுவீடனில் லாரி ஓட்டும் வேலை: விசாவுக்கு முன் உரிமத்தைப் பாருங்கள்

கேள்வி: நான் சங்ககிரியைச் சேர்ந்தவன், வயது 34. ஹெவி லைசென்ஸும் பேட்ஜும் வைத்திருக்கிறேன். பத்தாண்டுகளுக்கு மேலாக நாக்பூர், கவுகாத்தி வரை டிரெய்லர் ஓட்டுகிறேன். சுவீடனில் லாரி ஓட்டுநர் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். மாதம் மூன்று லட்சம் ரூபாய் சம்பளமாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் போதுமாம். ஆறு மாதத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாமாம். ஏழு லட்சம் கேட்கிறார், பாதியை இப்போதே கட்ட வேண்டுமாம். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். சுவீடனில் அயல்நாட்டவர் லாரி ஓட்டிப் பிழைக்க வழியே இல்லை என்பதால் இதைச் சொல்லவில்லை. அந்த வழி சட்டப்படி இருக்கிறது, சிலர் அதில் போயும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் முகவர் சொல்லும் வடிவில் அது இல்லை. அவர் விசாவைப் பற்றியே பேசுகிறார். லாரி ஓட்டுநரைப் பொறுத்தவரை சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய ஸ்காண்டிநேவிய நாடுகளின் உண்மையான வாசல் ஓட்டுநர் உரிமம்தான். விசா கிடைத்த பிறகும் அந்த வாசலில் பல மாதங்கள் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அறியாமல் கிளம்புகிறவர்களே கடனில் சிக்குகிறார்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது நம்மூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓராண்டுக்குத் தரும் ஒரு கையேடு. உங்கள் இந்திய உரிமத்தில் இருப்பதை வேறு மொழிகளில் எடுத்துச் சொல்வதே அதன் வேலை. அது தனி உரிமம் அன்று. அதைக் காட்டி எந்த ஐரோப்பிய நிறுவனத்திலும் நிலையான ஓட்டுநராகச் சேர முடியாது. சுவீடன் சட்டப்படி, இந்தியா போன்ற நாடுகளின் உரிமம் நீங்கள் அங்கே குடியிருப்பவராகப் பதிவான நாளிலிருந்து ஓராண்டு வரைதான் செல்லும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகள், சுவிட்சர்லாந்து, ஜப்பான் முதலிய சில இடங்களின் உரிமத்தைக் கொடுத்து அதற்கு ஈடாகச் சுவீடன் உரிமம் வாங்கலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே பத்தாண்டு அனுபவம் உள்ள நீங்களும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் கார் ஓட்டும் பி வகை, பிறகு லாரிக்கான சி வகை, அதன்பின் டிரெய்லர் இணைத்த லாரிக்கான சி.இ. வகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு உண்டு. தொடக்க அனுமதியைத் தருவது டிரான்ஸ்போர்ட்ஸ்டீரெல்சன் என்னும் போக்குவரத்து ஆணையம்; தேர்வுகளை நடத்துவது டிராஃபிக்வெர்கெட். பி வகைக்கு வழுக்கும் தளத்தில் வண்டியை அடக்கிக் காட்டும் கட்டாயப் பயிற்சி ஒன்றும் உண்டு. பனி விழும் நாட்டில் அது எவ்வளவு அவசியம் என்பதை முதல் குளிர்காலத்திலேயே உணர்வீர்கள்.

உரிமத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு உத்தரவின்படி, சரக்கு வாகனத்தைத் தொழிலாக ஓட்டுபவர் தனியே தொழில்திறன் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிம அட்டையில் 95 என்னும் எண் பொறிக்கப்படுவதால் ஓட்டுநர்கள் இதை ‘கோட் 95’ என்பார்கள். சுவீடனில் இதன் பெயர் ஒய்.கே.பி. முழுப் பயிற்சி 280 மணி நேரம். உங்களைப் போல 21 வயதைக் கடந்தவர்களுக்கு 140 மணி நேரச் சுருக்கப் பயிற்சி உண்டு. இறுதியில் தேர்வு, அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேர மறுபயிற்சி. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஓட்டுநர் இந்தச் சான்றை, தம்மை வேலைக்கு அமர்த்தும் நிறுவனம் இருக்கும் நாட்டிலோ பணி அனுமதி தந்த நாட்டிலோதான் பெற வேண்டும். எனவே ‘கோட் 95 சான்றிதழை இங்கேயே எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாட்டு எல்லையைத் தாண்டிச் சரக்கு எடுத்துச் செல்ல வேண்டுமானால், ஒன்றியக் குடிமகன் அல்லாத ஓட்டுநருக்காக அவருடைய நிறுவனம் தனியாக ஓர் ஓட்டுநர் சான்றையும் வாங்கித் தர வேண்டும்.

இப்போது முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். உரிமம் வாங்க அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும்; குடியிருக்கப் பணி அனுமதி வேண்டும்; பணி அனுமதிக்கு ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும்; நிறுவனமோ முதல் நாளிலிருந்தே ஓட்டக்கூடிய ஆளைத்தான் தேடுகிறது. இந்த இடைக்காலத்தில் உங்களுக்குச் சம்பளமும் கொடுத்துப் பயிற்சிக்கும் அனுப்ப முன்வரும் நிறுவனம் கிடைத்தால்தான் நேர்வழி திறக்கும். அப்படிப்பட்ட நிறுவனம் அரிது. அது கிடைத்தால் பயிற்சிச் செலவு யாருடையது, தேர்வில் தவறினால் வேலை என்னவாகும், பயிற்சிக் காலத்தில் எந்த வேலையை எந்தச் சம்பளத்துக்குச் செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்திடக் கூடாது.

பணி அனுமதியைத் தருவது மிக்ராஷூன்ஸ்வெர்கெட் என்னும் குடிவரவுத் துறை. விண்ணப்பத்தைத் தொடங்கி வைப்பவர் முகவர் அல்லர், வேலை தரும் நிறுவனமே. வேலை நிபந்தனைகளைப் பற்றி லாரித் தொழிலுக்கான தொழிற்சங்கம் கருத்துச் சொல்லவும் வாய்ப்பளிக்கப்படுகிறது. சுவீடனில் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடையாது. சங்கமும் முதலாளிகள் அமைப்பும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமே அளவுகோல். அதற்குக் குறையாத சம்பளமும், அதோடு நாட்டின் இடைநிலைச் சம்பளத்தை (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் சம்பளம்) அடிப்படையாகக் கொண்ட ஒரு குறைந்தபட்ச வரம்பும் இருந்தால்தான் அனுமதி கிடைக்கும். 2023 நவம்பரில் இந்த வரம்பு இடைநிலைச் சம்பளத்தின் 80 சதவீதம் என்று உயர்த்தப்பட்டது. 2025 ஜூனில் அது மாதம் 29,680 குரோனராக (சுவீடன் நாணயம்) இருந்தது. வரம்பு மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் துறையின் இணையதளத்தில் உள்ள தொகையையே நம்புங்கள்.

ஒரு குரோனருக்கு ஒன்பது ரூபாய் என்று பெருக்கினால் முகவர் சொல்லும் மூன்று லட்சத்தை ஒட்டி வருவது உண்மைதான். ஆனால் 30,000 குரோனரில் வரி போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 24,000. அதில் வாடகை, சாப்பாடு, குளிர் உடை எல்லாம் அந்நாட்டு விலையில்தான். ஸ்டாக்ஹோம் போன்ற நகரங்களில் முறையான வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் உள்வாடகைக்கு அதிகம் கொடுத்தே இருக்க வேண்டியுள்ளது. குடும்பத்தை அழைப்பதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை, உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் 2022 ஜூன் முதல், குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு வருமானம் இருப்பதைக் காட்ட வேண்டும். பயிற்சிக் காலச் சம்பளத்தில் அது எளிதன்று. முதல் ஈராண்டில் நகையை மீட்டுவிடலாம் என்ற கணக்கில் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. ‘சுவீடன்’ என்று சொல்லி அழைத்துப் போகும் பல வேலைகள் உண்மையில் போலந்து அல்லது லித்துவேனியா நிறுவனங்களின் வேலைகள். அந்நாடுகளின் போக்குவரத்து நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஏராளமான ஓட்டுநர்களை எடுக்கின்றன; லாரி சுவீடனுக்கும் நார்வேக்கும் போய் வரும், ஆனால் உங்கள் விசா, ஒப்பந்தம், அடிப்படைச் சம்பளம் எல்லாம் நிறுவனம் இருக்கும் அந்த நாட்டினுடையவை. ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் இதுவும் நேர்மையான வேலைதான், கோட் 95 பெறவும் அங்கே வழி உண்டு. ஆனால் அந்த அனுமதியை வைத்துக்கொண்டு சுவீடன் நிறுவனத்துக்கு மாறிவிட முடியாது. அதற்குப் புதிதாகச் சுவீடன் அனுமதி வேண்டும். சம்பளத்தின் பெரும்பகுதி அன்றாடப் படியாக வரும் என்பதால், வண்டி நிற்கும் மாதங்களில் வருமானம் சரியும்.

2018இல் டென்மார்க்கின் பாட்போர்க்கில் நடந்ததை இத்தொழிலில் உள்ளவர்கள் மறக்கவில்லை. போலந்துத் துணை நிறுவனம் ஒன்றின் பெயரில் எடுக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் ஓட்டுநர்கள் அங்கே மிக மோசமான முகாமில் தங்கவைக்கப்பட்டிருந்தது அம்பலமாகி, டென்மார்க் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்றமும் அதை எடுத்துப் பேசின. 2020 முதல் நடைமுறையில் உள்ள ஒன்றிய விதிகளின்படி, 45 மணி நேர வார ஓய்வை வண்டியின் கேபினில் எடுக்க வைப்பது குற்றம். நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டுநர் தம் வீட்டுக்கோ நிறுவனத் தலத்துக்கோ திரும்ப ஏற்பாடு செய்ய வேண்டும். முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘ஒப்பந்தத்தில் முதலாளி என்று எழுதியிருக்கும் நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது?’ என்பதுதான். சுவீடன் நிறுவனம் என்றால் அதற்குப் பத்து இலக்கப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்தை இணையத்திலேயே சரிபார்க்கலாம்.

நார்வேயைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் தொழில்திறன் சான்றும் ஓட்டு நேர விதிகளும் அங்கும் பொருந்தும். பணி அனுமதி பெறுவது சுவீடனை விடக் கடினம், ஏனென்றால் அங்கு திறன்சார் தொழிலாளி என்று ஏற்கப்பட முறையான தொழிற்கல்வியைக் காட்ட வேண்டும். ஓஸ்லோவில் நம்மவர்கள் பேருந்தும் லாரியும் ஓட்டுகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களில் பலர் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்றவர்கள், அவர்களின் பிள்ளைகள். குடியிருப்பு உரிமை முதலில் கிடைத்து, மொழி கற்று, அதன்பின் உரிமம் எடுத்தவர்கள். அவர்கள் வந்த வரிசையும் உங்களுக்குத் திறந்திருக்கும் வரிசையும் வேறு. டென்மார்க்கிலும் அனுமதி பெரும்பாலும் ஆண்டுச் சம்பள வரம்பைச் சார்ந்தே அமைகிறது.

வேலை எப்படி இருக்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம்; நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை; வாரத்துக்கு 56, இரு வாரத்துக்கு 90 மணி நேரம் என்பது உச்சவரம்பு. வண்டியிலுள்ள டேக்கோகிராஃப் கருவி உங்கள் சொந்த அட்டையில் இதையெல்லாம் பதிந்துகொண்டே இருக்கும். லோடு அவசரம் என்று இரவெல்லாம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடே பெரிய மாற்றம். உடலுக்கு இது நல்லது என்பதே என் கருத்து. ஏற்றி இறக்கும் வேலையில் பெரும்பகுதி ஓட்டுநருடையது, உடன் கிளீனர் கிடையாது. இரத்தத்தில் மது ஆயிரத்துக்கு 0.2 பங்கு இருந்தாலே சுவீடனிலும் நார்வேயிலும் குற்றம். அது முந்தைய இரவின் மிச்சமாக இருந்தாலும் விலக்கில்லை. சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். சுவீடனின் சில சாலைகளில் 74 டன் வரையும், 2023 ஆகஸ்டு இறுதி முதல் குறிப்பிட்ட தடங்களில் 34.5 மீட்டர் நீளம் வரையும் வண்டிகள் ஓடுகின்றன. நார்வேயில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை கனரக வாகனத்தின் எல்லாச் சக்கரங்களிலும் குளிர்கால டயர் கட்டாயம். பனிச் சங்கிலியைப் போடவும் கழற்றவும் ஓட்டுநருக்கே தெரிந்திருக்க வேண்டும். மலைக் கணவாயில் சங்கிலி போடத் தெரியாமல் நின்றுவிட்ட ஒரு வண்டி சாலை முழுவதையும் அடைத்துவிடும்.

பணத்தைப் பற்றி இந்தியச் சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஏழு லட்சம் கேட்பவர் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டார். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபாருங்கள்; சந்தேகம் இருந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் ஓட்டுநர்களுக்கான அறிவிப்புகளைக் கேட்டறியுங்கள்.

உங்கள் ஆசை நியாயமானது, உங்கள் அனுபவமும் வீணாகாது. அடுத்த ஓராண்டை இப்படிச் செலவிடுவதே நல்லது என்று கருதுகிறேன்: ஆங்கிலத்தில் வேலை சார்ந்து பேசவும் சரக்குச் சீட்டுகளைப் படிக்கவும் பழகுங்கள், சுவீடன் மொழியின் அடிப்படையை இணையத்தில் இலவசமாகவே கற்கத் தொடங்கலாம், முதலாளிகளிடமிருந்து பணியாற்றிய ஆண்டுகள், ஓட்டிய வண்டி வகை குறிப்பிட்ட அனுபவச் சான்றுகளை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், உரிமமும் கடவுச்சீட்டும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குள் அந்த முகவர் மீண்டும் வந்தால், நிறுவனத்தின் பதிவு எண்ணும் அதன் கையெழுத்திட்ட வேலை வாய்ப்புக் கடிதமும் கைக்கு வந்த பிறகே பேசலாம் என்று சொல்லுங்கள். அவை வந்தால், கடிதத்தில் பயிற்சிக் காலச் சம்பளமும் உரிமச் செலவும் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதைக் குறித்து மீண்டும் எழுதுங்கள். அந்த வரிகளைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.