முதல் ஆளுக்கு எடுத்த அளவு

கேள்வி: வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் பெயரில்லாத ஃபங்ஷன் ஒன்றை ரஸ்ட் புரோகிராமிங் மொழியில் எழுதி, ஒரு வேரியபிளில் வைத்தேன். 5 கொடுத்தேன், 5 வந்தது. அடுத்த வரியில் 'உசிலம்பட்டி' என்று கொடுத்ததும் கம்பைலர் மறுக்கிறது. டைப் (எண்ணா, எழுத்தா என்ற வகை) எதையும் நான் எழுதவேயில்லையே! தோழி சி பிளஸ் பிளஸ்ஸில் இதையே செய்தாள், இரண்டும் ஓடுகிறது. எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, உசிலம்பட்டி

பதில்: மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடியறையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் இதே இடத்தில் வந்து நிற்பார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த எரரைக் கடைசி வரை படித்துப் பாருங்கள். டைப் பொருந்தவில்லை என்பதற்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கும்: இந்த க்ளோஷரை (பெயரில்லாத ஃபங்ஷனுக்கு ரஸ்ட்டில் அதுதான் பெயர்) முன்பே முழு எண் கொடுத்து அழைத்திருக்கிறீர்கள், அதனால் இங்கேயும் அதையே எதிர்பார்க்கிறேன் என்று 5 இருக்கும் வரியைக் காட்டும். விஷயம் அதில்தான் இருக்கிறது. டைப் எழுதாமல் விட்டால், 'ஏதோ ஒரு டைப் உண்டு, நீயே கண்டுபிடி' என்று சொன்னதாகத்தான் ரஸ்ட் எடுத்துக்கொள்ளும். ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்து, முதல் அழைப்பில் நிரப்பிவிடும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள், எரர் 5-க்கு வரும். அழைக்கவே இல்லையென்றால், டைப்பைச் சொல் என்று கேட்டு நின்றுவிடும்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிய நாட்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்த தையல்காரர் வருகிற ஒவ்வொருவருக்கும் தனியாக அளவெடுப்பார். எந்த டைப்புக்கும் பொதுவாக எழுதும் ஜெனரிக் ஃபங்ஷன் அவரைப் போல. உங்கள் க்ளோஷர், முதலில் வந்தவருக்குத் தைத்து முடித்த சட்டை.

சி பிளஸ் பிளஸ்ஸில் 2011-இல் லாம்ப்டா (பெயரில்லாத ஃபங்ஷனுக்கு அங்கே அந்தப் பெயர்) வந்தபோது அங்கேயும் பாராமீட்டருக்கு டைப் எழுதியே ஆக வேண்டும். 2014 தரத்தில்தான் அந்த இடத்தில் 'ஆட்டோ' போட வழி வந்தது. போட்டால் கம்பைலர் உள்ளுக்குள் ஒரு டெம்ப்ளேட் வைத்துக்கொண்டு, புது டைப்பில் அழைக்கும்போதெல்லாம் புதிதாக ஒன்றைத் தயாரிக்கும். சௌகரியம்தான். ஆனால் ஒரு டைப்புக்கு ஒத்துவராத வரி உள்ளே இருந்தால், அந்த டைப்பில் யாராவது அழைக்கும்வரை தெரியாது. எனக்கு ரஸ்ட்டின் கறார்தான் பிடிக்கும்.

இது பழைய பிரச்சினை. டைப்பைக் கம்பைலரே கண்டுபிடிப்பது பற்றி, கணினி அறிவியலாளர் ராபின் மில்னர் 1978-இல் எழுதிய கட்டுரையின் வழியில் வந்த ஓகேமல் மொழியில், உங்கள் ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தால் 5-க்கும் ஊர்ப் பெயருக்கும் ஓடும். அதையே இன்னொரு ஃபங்ஷனுக்குப் பாராமீட்டராக அனுப்பி, அதற்குள் இரண்டு விதமாகவும் அழைக்க நினைத்தால் நடக்காது. அதையும் அனுமதிக்கும் முறைக்கு சிஸ்டம் எஃப் என்று பெயர். அதில் டைப்பே எழுதாத எந்தப் புரோகிராமுக்கும், டைப் உண்டா இல்லையா என்று தவறாமல் விடை சொல்லும் அல்காரிதம் இருக்கவே முடியாது என்று ஜோ வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1994-இல் நிரூபித்தார். எங்கேயாவது நாம் எழுதித்தான் ஆக வேண்டும்.

சரி, உங்கள் வேலைக்கு: டைப் பாராமீட்டரோடு ஒரு சாதாரண ஃபங்ஷன், அதாவது மேலே சொன்ன ஜெனரிக் ஃபங்ஷன், எழுதுங்கள். மெயினுக்கு உள்ளேயே எழுதலாம். ஆனால் க்ளோஷரைப் போலச் சுற்றியிருக்கும் வேரியபிள்களை அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. வேண்டியதை ஆர்க்யுமென்ட்டாக அனுப்பிவிடுங்கள்.