அழகர்கோவிலில் இறங்கி மேலூர் வரை: ஒரு பகல் நடை

கேள்வி: நாங்கள் அலுவலக நண்பர்கள் நான்கு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒரே நாளில் 20 கிலோமீட்டராவது நடக்க ஆசை. மலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். கொடைக்கானல் வரை போகாமல், மதுரைக்குப் பக்கத்திலேயே வழி உண்டா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகர், ஆனையூர், மதுரை

பதில்: உண்டு. அழகர்கோவிலில் இறங்கி மாங்குளம், அரிட்டாபட்டி வழியாக மேலூருக்கு நடங்கள். சாலையை விட்டு மலையடியும் கண்மாய்க்கரையுமாகச் சுற்றிப் போனால் 20 கிலோமீட்டர் எளிதாகத் தாண்டிவிடும். திரும்பி வர மேலூரிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு இருட்டிய பிறகும் பஸ் கிடைக்கும்.

அழகர்மலைக் காட்டுக்குள் மட்டும் புகுந்துவிடாதீர்கள். மலைமேல் இருக்கும் நூபுர கங்கைத் தீர்த்தத்துக்குப் போகும் வழக்கமான பாதை வேறு, காப்புக்காடு வேறு. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு, காட்டில் மலையேற வனத்துறை அனுமதி வாங்குவது கண்டிப்பாகிவிட்டது. நான் சொல்வது ஊர்ப்பாதைகளில் போகும் நடை.

எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட எத்தனை மணி வெயில் என்று கணக்குப் போடுங்கள். டிசம்பர், ஜனவரிதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம், கண்மாய்கள் நிறைந்திருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். மார்ச்சுக்கு மேல் பாறை அனலாகிவிடும், வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணிவாக்கில்தான் விடியும், ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தார்ச்சாலையில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகிறவர்கள்கூட கரைமேட்டில் 3தான் போவார்கள். அப்படியென்றால் நடைக்கு மட்டும் ஆறேழு மணி நேரம், பார்க்க, சாப்பிட, உட்கார இன்னும் இரண்டு மணி நேரம். விடியும்போது நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கிழக்கு நோக்கிப் போவதால் காலையின் இளவெயில்தான் முகத்தில் படும், பிற்பகல் வெயில் முதுகோடு போய்விடும். மேலூரிலிருந்து புறப்பட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கண்மாய்க்கரையில் நடப்பது தனி சுகம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், இரண்டுக்கும் மேலே காற்றோட்டமாக நீங்கள். ஆனால் கரை வில்லாக வளைந்து போவதால் தூரம் கூடும், அதையும் கணக்கில் சேருங்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் மிகைநீர் கலுங்கு வழியாக வெளியேறி அடுத்த கண்மாய்க்குப் போகும். நல்ல மழை பெய்த ஆண்டில் நடை தடைப்படுவது இந்தக் கலுங்கில்தான். கணுக்கால் அளவுதான் தண்ணீர், தாண்டிவிடலாம் என்று தோன்றும். கல்லின் மேல் பச்சைப் பாசி படிந்திருக்கும், கால் வைத்ததும் வழுக்கும். அந்தப் பக்கம் ஆள் உயரப் பள்ளம். தண்ணீர் வழிந்தால் இறங்காதீர்கள், சுற்றுவழி எது என்று மாடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது கைபேசி வரைபடத்துக்குத் தெரியாது.

மாங்குளம் பக்கம் மீனாட்சிபுரத்து மலையில் சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளும், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழ்ப் பிராமி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டியில் மலையைக் குடைந்த சிவன் கோவிலும், அங்கே சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பமும் உண்டு. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் அரிட்டாபட்டியைப் பாருங்கள், மலையேற்றம் குறைவு. அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக ஏறத்தாழ 193 ஹெக்டேர், 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறும் ராசாளியும் வட்டமிடுவதைப் பார்க்கலாம், ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு தெரிந்தால் சத்தம், புகை, சென்ட் வாசனை எதுவும் கூடாது.

இன்னொன்று. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று இந்தப் பகுதி மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அறிமுகமில்லாத நாலு பேர் மலையைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தால் ‘யாருப்பா நீங்க?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்து நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் வழி காட்டவே ஆள் வரும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், வழியில் ஊர் வரும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். கண்மாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். மதியத்துக்குப் புளிசோறு நல்லது, கெடாது, வியர்வையில் போன உப்பும் திரும்பும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், சீமைக்கருவேல முள் அதைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். அடிப்பாகம் தடித்த, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ போடுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. ஊருக்குள் நுழையும்போது நாய்களுக்காக ஆளுக்கொரு கம்பு கையில் இருக்கட்டும். ஓங்க வேண்டாம், இருந்தாலே போதும்.

நான்கு பேரில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குள் அரிட்டாபட்டியைத் தாண்டவில்லையென்றால் மேலூரை மறந்துவிட்டு, அ.வல்லாளபட்டிக்குத் திரும்பிச் சாலையில் பஸ் ஏறிவிடுங்கள்.