நவம்பரில் அப்பா அம்மாவுடன் கிண்டர் ஸ்கவுட்: நடுவே கடக்க வேண்டாம்

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஈடேல் இறங்கி, அறுபது வயது தாண்டிய பெற்றோருடன் கிரிண்ட்ஸ்புரூக் ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலுள்ள கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தை நடுவே கடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்த ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் பாறைகளைக் கையால் பிடித்து ஏற வேண்டியிருக்கும். மேலே போனால் இன்னும் மோசம்: கரிய பீட் மண்ணில் (மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்) ஆள் உயரத்துக்கு அரித்த பள்ளங்கள், ஒன்றில் இறங்கி ஏறினால் அடுத்தது, பனிமூட்டம் வந்துவிட்டால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும். பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையே ஒரு காலத்தில் அந்த நடுப்பகுதி வழியாகத்தான் போனது, பிறகு ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி ஏற்றத்தின் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

நீங்களும் அந்தப் பக்கமே போங்கள். ஈடேலிலிருந்து வயல்கள் வழியாக அப்பர் பூத் என்ற சிற்றூர், அங்கிருந்து நோ ஆற்றை ஒட்டி, பொதிகுதிரைகள் போன பழைய கல்பாலம் வரை சுமார் 4 கிலோமீட்டர். இந்தப் பள்ளத்தாக்கு நடையே அவ்வளவு அழகு, பெற்றோருக்கு இது போதும் என்பேன். முட்டி ஒத்துழைத்தால் அப்புறம் கற்படிகளில் ஏறலாம், ஆனால் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும்.

நவம்பரில் 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், அதனால் மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தலைவிளக்கு, மழைச்சட்டை, இந்தப் பகுதிக்கான ஓஎல்1 (ஆர்டனன்ஸ் சர்வே) காகித வரைபடம் மூன்றும் கட்டாயம்; போன் சிக்னலை நம்பாதீர்கள். அவசரம் என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள்.

அம்மாவின் காலணி எப்படிப்பட்டது என்று சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் படிகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.