அதிரும் பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் காரில் வைக்க 12 அங்குல சப்வூஃபருக்கு (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்), கையில் இருந்த 12 மி.மீ. பார்ட்டிகிள் போர்டைக் கொண்டு மூடிய பெட்டி ஒன்றை நானே செய்தேன். இரண்டே மாதத்தில், பாஸ் ஏறும்போதெல்லாம் கடகடவென்று அதிரத் தொடங்கிவிட்டது. மூலைகளில் இன்னும் பத்து ஸ்க்ரூ முடுக்கியும் பயனில்லை. இம்முறை 25 மி.மீ. பலகையில் செய்ய நினைக்கிறேன். எந்தப் பலகை, என்னென்ன கருவிகள் வேண்டும் என்று சொல்ல இயலுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாட்டு ஓடும்போது ஒவ்வொரு பக்கப் பலகையையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் குறை இருக்கிறது. பல பெட்டிகளில் அது ஒயர் மாட்டும் பிளாஸ்டிக் டெர்மினலாகவே இருந்துவிடும்.

பலகைதான் அதிர்கிறது என்றாலும் 25 மி.மீ. தேவையில்லை. ஒரே பொருளாலான பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப உயர்வதால், 12-இலிருந்து 18 மி.மீ.க்குப் போனாலே அது மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதற்கு மேல் தடிமன் கூட்டினால் உள்ளே இருக்கும் காற்றின் அளவுதான் குறையும். வெளியளவு 40, 35, 30 செ.மீ. உள்ள பெட்டியை 18 மி.மீ. பலகையில் செய்தால் உள்ளே சுமார் 30 லிட்டர் கிடைக்கும், 25 மி.மீ. என்றால் 26 லிட்டர்தான். ஸ்பீக்கர் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் இதில் கழிக்க வேண்டும் என்பதால், தயாரிப்பாளர் கேட்கும் கொள்ளளவை முதலில் கணக்கிட்டுக்கொண்டு வெளியளவை முடிவு செய்யுங்கள். மிச்ச உறுதிக்கு, அகலமான இரண்டு பலகைகளுக்கு நடுவே குறுக்குச் சட்டம் ஒன்று கொடுங்கள். ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகையை மட்டும் இரண்டு அடுக்காக ஒட்டலாம்.

பார்ட்டிகிள் போர்டை விட்டுவிடுங்கள். அதன் துகள்கள் ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்துவதில்லை. 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சீராக அறுபடும், உள்ளே வெற்றிடம் இருக்காது. ஆனால் கனமானது, ஈரம் பட்டால் ஊதிவிடும். நல்ல பிர்ச் மரப் பிளைவுட் இலேசானது, ஸ்க்ரூவையும் நன்றாகப் பிடிக்கும். மலிவான பிளைவுட்டோ அடுக்குகளுக்கிடையே பொந்துகள் இருந்து, தானே இரையத் தொடங்கும்.

கருவிகளில் முதலிடம் நேராக அறுப்பதற்குத்தான். பலகை வாங்கும் இடத்திலேயே பெரிய ரம்பத்தில் அளவுக்கு அறுத்துத் தந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால், வட்ட ரம்பத்துக்கு வழிகாட்டியாக நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டு அறுங்கள். ஸ்பீக்கர் துளைக்கு ஜிக்சா (வளைவாக அறுக்கும் சிறு ரம்பம்) போதும், ரவுட்டர் (மரத்தைக் குடையும் சுழல் கருவி) இருந்தால் வட்டம் சுத்தமாக வரும். 12 அங்குலம் என்பது பெயரளவுதான். துளையின் விட்டம் அதைவிடக் குறைவு, ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கும். மூலைமட்டம், டிரில், ஆறேழு கிளாம்ப், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் ஆகியவையும் வேண்டும். எம்.டி.எஃப். தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நீங்கள் ஸ்க்ரூவை நம்பினீர்கள். உண்மையில் பெட்டியைப் பிடித்து நிற்பது பசைதான். விளிம்பு முழுவதும் மரப்பசை தடவிக் கிளாம்ப்பை முடுக்கும்போது, இணைப்பின் நெடுகிலும் சின்னச் சின்ன முத்துகளாகப் பசை பிதுங்கி வர வேண்டும். எங்கே வரவில்லையோ அங்கே காற்று கசியும். ஒழுங்காக ஒட்டிய இணைப்பை உடைத்துப் பார்த்தால் பசை விடாது, பலகைதான் கிழியும். பசை காயும்வரை பிடித்துக்கொள்வதுதான் ஸ்க்ரூவின் முக்கிய வேலை, 15 செ.மீ.க்கு ஒன்று போதும். என் முதல் பெட்டியில் முன்துளை போடாமல் எம்.டி.எஃப். விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றினேன். புத்தகத்தின் பக்கங்கள் பிரிவதுபோல் பலகை நடுவில் வாய் திறந்துவிட்டது. சற்று மெல்லிய டிரில் பிட்டால் முதலில் துளையிட்டு, தலை உட்காரப் பள்ளம் எடுத்த பிறகே முடுக்குங்கள்.

ஒரு நாள் காய்ந்ததும் உள்மூலைகள் எல்லாவற்றிலும் சீலண்ட் ஓட்டுங்கள். புளித்த காடி வாசம் வீசும் சிலிகான் என்றால், அந்த வாசம் முற்றிலும் போகும்வரை ஸ்பீக்கரை மாட்டக்கூடாது. அந்த ஆவி உலோகப் பாகங்களை அரிக்கக்கூடியது. ஸ்பீக்கருக்கும் டெர்மினலுக்கும் அடியில் நுரைப்பட்டை வையுங்கள். எல்லாம் முடிந்தபின் ஸ்பீக்கரின் கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள்: உள்ளிருக்கும் காற்று எதிர்த்து நின்றால் பெட்டி அடைப்பாக இருக்கிறது, தளர்வாக உள்ளே போனால் எங்கோ கசிகிறது.

கடைசியாக, பெட்டியைக் காரின் தரையோடு போல்ட் போட்டுப் பிணையுங்கள். ஸ்பீக்கரோடு சேர்த்து 15 கிலோவாவது இருக்கும் பெட்டி, வேகத்தில் பிரேக் அடித்தால் இருக்கையை நோக்கிப் பாயும். துளையிடும் முன் காருக்கு அடியில் குனிந்து, எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று பார்த்துவிடுங்கள்.