சாலையின் நிலையம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய நாட்டுப்புறச் சாலைகளில் உள்ள நிலையங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். வரும் அக்டோபரில் மட்சுயாமாவில் இருக்கும் மகனிடம் செல்கிறோம். காரில் சுற்ற ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்திச் சாப்பிடும் ஓரிடத்துக்காக அதில் அரைநாளைச் செலவிடலாமா? விரைவுச்சாலை ஓய்விடத்திலிருந்து அது எவ்வகையில் வேறுபட்டது?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

தாராளமாகச் செலவிடலாம், ஆனால் காலையிலேயே போய்விடுங்கள்.

விரைவுச்சாலை ஓய்விடங்கள் அச்சாலை நிறுவனங்களைச் சார்ந்தவை. ‘மிச்சி நோ எகி’, அதாவது சாலையின் நிலையம், பெரும்பாலும் சாதாரணச் சாலைகளில் உள்ளாட்சி அமைப்புகள் நிறுவுவது. ரயிலுக்கு நிலையம் இருப்பதுபோல் சாலைக்கும் இருக்கலாமே என்ற யோசனையில் பிறந்து, 1993-இல் 103 இடங்களுடன் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று 1,200 இடங்களைத் தாண்டிவிட்டது. எந்நேரமும் கட்டணமின்றி வண்டி நிறுத்தவும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் வசதி இருந்தால்தான் அரசு பதிவு செய்யும்.

நீங்கள் போகவேண்டியது மட்சுயாமாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், உச்சிகோ என்ற ஊரில் இருக்கும் ‘கராரி’ நிலையம். 2015-இல் நாட்டுக்கே முன்மாதிரி என அரசு தேர்ந்தெடுத்த ஆறு நிலையங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு பை ஷீடாகே காளானை எடுத்து விலைச்சீட்டைப் பாருங்கள். விலைக்கு அருகில் விளைவித்தவரின் பெயர் அச்சாகியிருக்கும்; அந்த விலையை வைத்தவரும் அவரேதான். விவசாயிகள் விடியலில் தாமே கொண்டுவந்து அடுக்குகிறார்கள், நிலையம் விற்றுக்கொடுத்துத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, விற்காததை அவர்களே திரும்ப எடுத்துச் செல்கிறார்கள். எவ்வளவு விற்றது என்பதை அன்றன்றே தொலைநகலில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை இந்த நிலையம் முன்பே கொண்டுவந்துவிட்டதால், சரக்கு தீர்ந்தால் மறுபடி பறித்து வர அவர்களால் முடிந்தது. ஒரு காலத்தில் புகையிலையை நம்பியிருந்த மலைக்கிராமங்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எண்ணிப்பாருங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணியாகிவிட்டது. அலமாரிகள் பாதிக்குமேல் காலி. ஒரு மூதாட்டி தன் பெயர் ஒட்டியிருந்த கீரைக் கட்டுகளில் மிஞ்சிய மூன்றை, வாடிய இலைகளைக் கிள்ளிவிட்டு, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவற்றை நான் வாங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. உள்ளூர்க்காரர்கள் காலையிலேயே வந்து நல்லவற்றை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. உங்கள் பயணம் அக்டோபரில் என்பதால் செஸ்ட்நட்டும் பெர்சிமன் பழமும் கிடைக்கும்.

அங்கிருந்து பழைய தெருவுக்குப் போங்கள். உச்சிகோ மெழுகு வணிகத்தால் செழித்த ஊர். ஹாஜே மரத்தின் காயிலிருந்து எடுத்த மெழுகை இளஞ்சூட்டில், வெறும் உள்ளங்கையால், காகிதமும் கோரைத்தண்டின் மெத்தென்ற உட்பகுதியும் சுற்றிய திரியின்மேல் பூச்சுக்குமேல் பூச்சாகத் தடவி இன்றும் மெழுகுவர்த்தி செய்கிறார்கள். குறுக்கே வெட்டினால் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல அந்தப் பூச்சுகள் தெரியும். ஒன்றாவது வாங்குங்கள், திரும்பும்போது காரில் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.